ஒரு ஊரில் தொழில் எப்படி முளைக்கிறது?

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



காலையிலிருந்து வரவு செலவு அறிக்கை கேட்டுக் களைத்துப் போயிருப்பீர்கள். இந்த வருஷம் தொழில் கடனுக்கு எவ்வளவு ஒதுக்குவது, யாருக்குக் கொடுப்பது என்று சாப்பாட்டுக்குப் பிறகு முடிவு செய்யப் போகிறோம். அதற்கு முன்னால் ஒரு விஷயத்தைச் சேர்ந்து யோசித்துப் பார்த்தால் நல்லது என்று இந்த அரை மணி நேரத்தைக் கேட்டு வாங்கியிருக்கிறோம்.

டி.வி.யைப் போட்டால் ‘ஸ்டார்ட்அப்’ என்கிறார்கள். பெங்களூரில் ஸ்டார்ட்அப், சென்னையில் ஸ்டார்ட்அப். ‘அதெல்லாம் கம்ப்யூட்டர் படிச்ச பசங்க விஷயம், நமக்கென்ன?’ என்று நீங்கள் கேட்கலாம். புதிதாகத் தொடங்கி வேகமாக வளரப் பார்க்கிற தொழிலுக்கு அந்தப் பெயர், அவ்வளவுதான். நமக்கு அதில் முக்கியமான கேள்வி வேறு. சில ஊர்களில் மட்டும் ஒரு தொழிலைப் பார்த்து இன்னொரு தொழில் என்று வரிசையாக முளைக்கிறதே, ஏன்? இன்னொரு ஊரில் கடன் கொடுத்தும், பயிற்சி கொடுத்தும், ரிப்பன் வெட்டித் திறந்து வைத்தும் ஆறு மாதத்தில் பூட்டு தொங்குகிறதே, அது ஏன்?

பதில் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். நம் வீட்டுப் பிள்ளைகள் கம்பெனி வேனில் ஏறிப் போகிற திருப்பூரையே எடுத்துக்கொள்வோம். அந்த ஊர் எதனால் வளர்ந்தது, எங்கே தடுக்கி விழுந்தது என்று பார்ப்போம். நடுவில் ஒரே ஒரு கதைக்கு மட்டும் அமெரிக்கா போய்விட்டு வருவோம்.

பிரித்துச் செய்தார்கள்

திருப்பூரில் சுமார் நூறு வருஷமாகப் பனியன் பின்னுகிறார்கள். ரொம்ப காலம் உள்நாட்டுக்கான வெள்ளைப் பனியன்தான். வெளிநாட்டு ஆர்டர் வரத் தொடங்கியது 1970களின் கடைசியில். 1980களின் நடுவில்கூட ஏற்றுமதி இருபது கோடி ரூபாயைத் தொடவில்லை. 2023-24இல் அது முப்பதாயிரம் கோடியைத் தாண்டியது.

இதைப் பெரிய முதலாளிகள் நாலு பேர் சேர்ந்து செய்யவில்லை. ஒரு பனியன் எத்தனை கை மாறுகிறது என்று பாருங்கள். நூல் வாங்குபவர் ஒருவர். துணியாகப் பின்ன நிட்டிங் கம்பெனி. வெளுக்கச் சலவைப்பட்டறை, சாயமேற்றச் சாயப்பட்டறை. பிரிண்டிங்குக்கு ஒரு இடம், எம்பிராய்டரிக்கு ஒரு இடம். வெட்டிக் கொடுத்தால் தைத்துத் தருகிற ‘பவர் டேபிள்’ யூனிட்கள் தெருவுக்குத் தெரு. காஜா, பட்டன் வைக்கத் தனி ஆள், பிசிறு வெட்ட, செக்கிங் பார்க்க, அயர்ன் பண்ண, அட்டைப்பெட்டி செய்ய என்று ஒவ்வொன்றுக்கும் ஒருவர். இதைத்தான் ஜாப் ஒர்க் என்கிறோம்.

இதனால் என்ன லாபம்? முழு ஃபேக்டரி கட்டப் பணம் இல்லாதவர்கூட நாலு தையல் மெஷின் வாங்கி ஒரு வேலையை மட்டும் எடுத்துச் செய்யலாம். நுழைகிற வாசல் சின்னது, ஆனால் திறந்திருந்தது.

இப்போது நம் குழுக்களை நினைத்துப் பாருங்கள். ஒரு குழு ஊறுகாய் போட்டால் பத்துக் குழு ஊறுகாய் போடுகிறது. ஒருவர் பினாயில் செய்தால் எல்லாரும் பினாயில். அதுவும் ஒவ்வொரு குழுவும் மாங்காய் வாங்குவதிலிருந்து லேபிள் ஒட்டிக் கண்காட்சியில் உட்கார்ந்து விற்பதுவரை எல்லாவற்றையும் தானே செய்கிறது. பத்துப் பேரும் ஒரே சந்தையில் ஒருவருக்கொருவர் போட்டி. திருப்பூரில் பக்கத்து யூனிட் வளர்ந்தால் நமக்கும் வேலை வரும். நம் ஊரில் பக்கத்துக் குழு வளர்ந்தால் நம் ஊறுகாய் தேங்கிப் போகும். வேலையை நாம் பிரித்துக்கொள்ளாததுதான் காரணம்.

வேலை பார்த்தவரே முதலாளி ஆனார்

திருப்பூரைப் பற்றி ஷரத் சாரி என்ற ஆய்வாளர் எழுதிய புத்தகம் 2004இல் வெளிவந்தது. அங்கே பனியன் கம்பெனி வைத்திருப்பவர்களில் நிறையப் பேர் ஒரு காலத்தில் அதே தொழிலில் கூலிக்கு வேலை பார்த்தவர்கள், சிறு விவசாயக் குடும்பத்திலிருந்து வந்தவர்கள் என்று அதில் எழுதியிருக்கிறார். ‘எங்க உழைப்புதான் எங்க மூலதனம்’ என்பது அவர்கள் வழக்கமாகச் சொல்கிற பேச்சு.

கைமடியாகச் சேர்ந்து, டெய்லராகி, கட்டிங் கற்று, எந்த மெஷின் எப்போது மக்கர் பண்ணும், எந்த பையர் எதைப் பார்த்துத் திருப்பி அனுப்புவார் என்பதெல்லாம் தெரிந்த பிறகு ஒருவர் தனியாக வருகிறார். பயிற்சி மையத்தில் முப்பது நாளில் இது வராது. வேலை செய்கிற இடத்தில்தான் வரும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. கற்றுக்கொண்டவர் வெளியே வர முடிய வேண்டும்.

அமெரிக்கக் கதை இங்கேதான் வருகிறது. அங்கே கலிபோர்னியா மாநிலத்தில் பழத்தோப்புகள் நிறைந்த ஒரு பள்ளத்தாக்கு இருந்தது. 1957இல் அங்கே ஷாக்லி என்ற நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானியிடம் வேலை பார்த்த எட்டு இன்ஜினியர்கள், அவர் நடத்திய விதம் பிடிக்காமல் சேர்ந்து வெளியேறி ஃபேர்சைல்டு என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். 1968இல் அந்த எட்டுப் பேரில் இரண்டு பேர் அங்கிருந்தும் வெளியேறி இன்டெல் தொடங்கினார்கள். இன்னும் பலர் இப்படியே வெளியே வந்து ஆளுக்கொரு கம்பெனி வைத்தார்கள். அந்தப் பள்ளத்தாக்கைத்தான் இன்று சிலிக்கான் வேலி என்கிறார்கள். ‘என்னிடம் வேலை பார்த்தவர் போட்டிக் கம்பெனிக்குப் போகக் கூடாது’ என்று எழுதி வாங்கினாலும் அது செல்லாது என்பது அந்த மாநிலத்தில் 1872 முதல் சட்டம்.

அதே நாட்டில் பாஸ்டன் பக்கமும் அந்தக் காலத்தில் பெரிய கம்ப்யூட்டர் கம்பெனிகள் இருந்தன. அங்கே எல்லா வேலையையும் கம்பெனிக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள். ஆட்களும் அவ்வளவு சுலபமாக வெளியே போகவில்லை. அங்கே பேர் பெற்றிருந்த வாங் என்ற கம்பெனி 1992இல் திவாலானது. டிஜிட்டல் என்ற கம்பெனி 1998இல் விற்கப்பட்டது. இந்த இரண்டு இடத்தையும் ஒப்பிட்டு அன்னாலீ சாக்ஸீனியன் என்ற பெண் ஆய்வாளர் 1994இல் ஒரு புத்தகமே எழுதினார். ஆட்கள் இடம் மாறி, தெரிந்ததைப் பகிர்ந்துகொண்ட ஊர் தாக்குப்பிடித்தது என்பதே அதன் சாரம்.

நம் கதைக்கு வருவோம். நூல் மில்களில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் நம் பெண் பிள்ளைகளை எடுத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? மூன்று வருஷம் ஹாஸ்டலில் இருந்து வேலை பார்த்தால் கடைசியில் மொத்தமாக ஒரு தொகை. நடுவில் வந்துவிட்டால் அந்தத் தொகை போச்சு. மூன்று வருஷமும் ஒரே மெஷின். வெளியே போய் நாலு பேரிடம் பேச முடியாது, வேறு மில்லில் என்ன கூலி என்று தெரியாது. கல்யாணத்துக்குப் பணம் வரும் என்று நம்பி அனுப்பினோம். அந்தப் பெண் அங்கே கற்றதை வைத்துச் சொந்தமாக எதுவும் தொடங்க வழியில்லாதபடிதான் அந்த ஏற்பாடே இருந்தது. எட்டு இன்ஜினியர்களுக்கு இருந்த வாசல் கதவு நம் பிள்ளைக்குப் பூட்டப்பட்டிருந்தது.

கடன் யாருக்குக் கிடைத்தது?

திருப்பூரில் வங்கிக் கடன் மட்டும் ஊரை வளர்க்கவில்லை. நூலைக் கடனாக எடுத்தார்கள், ஜாப் ஒர்க் கூலியைப் பிறகு கொடுத்தார்கள். தண்ணீர் பற்றாத பூமியில் பாடுபட்டுச் சேர்த்த பணத்தைச் சொந்தக்காரர்களும் பங்காளிகளும் பனியனில் போட்டார்கள். எல்லாம் ஆளைத் தெரியும் என்ற நம்பிக்கையின் பேரில். ‘இன்னார் மகன், ஓடிப் போக மாட்டான்’ என்பதுதான் ஜாமீன்.

இது நல்ல விஷயம்தான். ஆனால் அந்த நம்பிக்கை எல்லாரையும் எட்டவில்லை. அபிஜித் பானர்ஜி, கைவன் முன்ஷி என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் திருப்பூரை ஆராய்ந்து 2004இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இதில் பானர்ஜி 2019இல் நோபல் பரிசு பெற்றவர். உள்ளூர்ச் சமூகத்தைச் சேர்ந்தவர்களின் கம்பெனிகளையும், வெளியிலிருந்து வந்தவர்களின் கம்பெனிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். உள்ளூர்க்காரர்களிடம் முதலீடு அதிகம். வெளியாட்கள் சிறிதாகத் தொடங்கினாலும் வேகமாக வளர்ந்து உற்பத்தியில் முந்தினார்கள். அப்படியும் அவர்களிடம் முதலீடு குறைவாகவே இருந்தது. திறமையில் குறை இல்லை, பணம் கிடைக்கிற வழிதான் வேறு வேறு என்பது அவர்கள் கண்டது.

திறமை ஒரு பக்கம், பணம் ஒரு பக்கம் என்றால் ஊருக்கே நஷ்டம். ஆம்பளைகளுக்குள்ளேயே, ‘வெளியூர்க்காரர்’ என்றதும் இந்த நிலை என்றால் பெண்களுக்குக் கேட்க வேண்டுமா? மெஷினில் குனிந்து உட்கார்ந்திருப்பவர்களில் பெண்கள் எத்தனை பேர், முதலாளி நாற்காலியில் எத்தனை பேர் என்று அங்கே போய் வந்தவர்கள் உங்களுக்கே தெரியும்.

அதனால்தான் நாம் தொடங்கிய காரியம் சின்னதில்லை என்கிறோம். நம் மாநிலத்தில் 1989இல் தர்மபுரியில் பெண்கள் குழுவாகச் சேர்ந்தபோது யார் கையிலும் பத்திரம் இல்லை, ‘இன்னார் மகன்’ என்ற ஜாமீனும் இல்லை. 1992இல் நபார்டு சோதனையாகத் தொடங்கிய வங்கி இணைப்பும் சேமிப்பு நோட்டையும் தீர்மான நோட்டையும் பார்த்துத்தான் கடன் கொடுத்தது. பங்காளி உறவில் கிடைக்காத நம்பிக்கையை நாம் கணக்கு எழுதிச் சம்பாதித்தோம். அந்த நோட்டு வெறும் காகிதமில்லை, நம் ஜாமீன்.

ஆற்றை மறந்தார்கள்

இனி அந்த ஊர் தடுக்கிய இடம். வெள்ளியங்கிரி மலையிலிருந்து வருகிற நொய்யல் ஆறு திருப்பூர் வழியாகப் போய்க் கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. சாயப்பட்டறைகளின் உப்புத் தண்ணீர் வருஷக்கணக்காக அதில் இறங்கியது. பாசனத்துக்காக 1990களின் தொடக்கத்தில் ஒரத்துப்பாளையத்தில் கட்டிய அணையில் சாயத் தண்ணீர் தேங்கியது. கிணறுகள் உப்பாயின. ‘அணையைத் திறக்காதீர்கள்’ என்று கீழே இருந்த விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. அணையைத் திறக்க வேண்டாம் என்று விவசாயி சொல்வதென்றால் எவ்வளவு வயிறெரிந்திருக்க வேண்டும்!

வழக்கு நடந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. எழுநூறுக்கு மேற்பட்ட பட்டறைகள் ஒரே நேரத்தில் நின்றன. வேலையைப் பிரித்துச் செய்ததன் மறுபக்கம் அப்போதுதான் தெரிந்தது. சாயம் நின்றால் தையல் நிற்கும், தையல் நின்றால் பேக்கிங் நிற்கும். பிசிறு வெட்டுகிற அக்காவுக்கும் வாரச் சம்பளம் நின்றது. கழிவு நீரை ஆற்றில் விடாமல் சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்துகிற முறைக்கு மாறிய பிறகுதான் பட்டறைகள் திரும்ப ஓடத் தொடங்கின. இதற்கான செலவை முதலிலேயே எல்லாரும் பங்கு போட்டிருந்தால் கிணறும் தப்பியிருக்கும், கூலியும் தப்பியிருக்கும்.

இன்னொரு அடி வெளியிலிருந்து வந்தது. 2025 ஆகஸ்ட்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கான வரியை 50 சதவீதமாக ஏற்றியது. அமெரிக்க ஆர்டரை மட்டும் நம்பியிருந்தவர்களுக்குப் பெரிய நெருக்கடி. உள்நாட்டுச் சந்தையும், வேறு நாட்டு ஆர்டரும் கையில் வைத்திருந்தவர்கள் ஓரளவு சமாளித்தார்கள். ஒரே வாடிக்கையாளரை நம்பி மெஷின் வாங்கக் கூடாது என்பது நாலு மெஷின் வைத்திருப்பவருக்கும் பொருந்தும்.

விழுந்தவர் எழ வேண்டும்

திருப்பூரில் யூனிட் நொடித்துப் போனவர் மறுநாள் இன்னொரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டராகவோ கான்ட்ராக்ட் எடுத்தோ வேலை பார்க்கலாம். கொஞ்சம் சேர்ந்ததும் திரும்ப ஆரம்பிக்கலாம். தொழில் தெரிந்தவருக்கு அங்கே ஏதாவது வேலை இருக்கும்.

நம் ஊரில் கடன் வாங்கி மாடு வாங்கிய பெண்ணுக்கு மாடு செத்துவிட்டால் என்ன ஆகிறது? இரண்டு தவணை நிற்கிறது. குழுவில் முணுமுணுப்பு. மூன்றாவது மாதம் அவர் கூட்டத்துக்கே வருவதில்லை. நுண்கடன் கம்பெனியில் வாங்கிக் குழுவுக்குக் கட்டுகிறார், அதைக் கட்ட நகையை வைக்கிறார். ‘பொம்பளைக்கு எதுக்கு வியாபாரம்?’ என்று வீட்டிலும் பேச்சு. இதைப் பார்த்துக்கொண்டிருக்கிற மற்ற பெண்கள் மனதில் என்ன முடிவு எடுப்பார்கள்? தொழில் தொடங்கவே பயப்படுவார்கள். ஒரு ஊரில் புதுத் தொழில் முளைக்காததற்கு அந்தப் பயமும் முக்கியமான காரணம்.

நாம் என்ன செய்யலாம்?

மதியம் முடிவு எடுக்கும்போது இவற்றை வைத்துப் பேசுங்கள்.

1. ஒரு பொருள், பல கை. கடலை எண்ணெய் என்றால் கடலை உடைத்துத் தரம் பிரிப்பது ஒரு குழு, செக்கு ஓட்டுவது ஒரு குழு, பாட்டிலில் அடைப்பது ஒரு குழு, விற்பது ஒரு குழு. மெஷினும் உணவுப் பாதுகாப்புப் பதிவும் கூட்டமைப்பின் பெயரில் பொதுவாக இருக்கட்டும்.

2. கைத்தொழில் பட்டியல். மில்லிலிருந்தும் பனியன் கம்பெனியிலிருந்தும் திரும்பி வந்த மகள்கள், மருமகள்கள் நம்மிடம் எத்தனை பேர்? ஓவர்லாக் தெரிந்தவர் யார், செக்கிங் தெரிந்தவர் யார்? ஒவ்வொரு குழுவும் எழுதிக் கொண்டு வாருங்கள். நம் சொத்து எவ்வளவு என்று அப்போது தெரியும்.

3. கடன் பட்டியலைத் திறந்து பார்ப்போம். இதுவரை கொடுத்த தொழில் கடனில் பொறுப்பாளர்களின் உறவுக்காரர் எத்தனை பேர்? ஆதிதிராவிடர் குடியிருப்பில் உள்ள பெண்கள் எத்தனை பேர்? கணவனை இழந்தவர்கள், தனித்து வாழ்பவர்கள் எத்தனை பேர்? சங்கடமான கேள்விதான். ஆனால் திருப்பூரில் வெளியாட்களுக்கு நேர்ந்தது நம் குழுவுக்குள்ளும் நேர்ந்தால் நாம் எதற்குக் குழு என்று பெயர் வைத்தோம்?

4. இடர் நிதி. தொழில் கடன் வட்டியில் ஒரு சிறு பங்கைத் தனியாக ஒதுக்குவோம். மாடு செத்தாலோ ஆர்டர் நின்றாலோ தவணையைத் தள்ளிவைக்க அது உதவும். உண்மையாக உழைத்து நஷ்டப்பட்டவருக்கும், வேண்டுமென்றே கட்டாதவருக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் இல்லை நாம்.

5. செய்த வேலைக்குப் பணம். உத்யம் பதிவு இலவசம், அதற்கு யாருக்கும் கமிஷன் கொடுக்க வேண்டாம். சிறு, குறு நிறுவனமாகப் பதிந்தவருக்கு வாங்கியவர் 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டுச் சட்டம். எழுத்தில் ஒப்பந்தம் இல்லை என்றால் 15 நாள்தான். தாமதித்தால் வட்டி உண்டு. ஜாப் ஒர்க் எடுத்தால் பில் இல்லாமல் சரக்கை அனுப்பாதீர்கள்.

6. கழிவு எங்கே போகும்? புதுத் தொழிலுக்குக் கடன் கேட்டு வருகிற ஒவ்வொருவரிடமும் இந்தக் கேள்வியைக் கேட்டு விண்ணப்பத்திலேயே எழுதி வாங்குவோம். நம் ஊர் ஏரியும் குளமும் நொய்யல் ஆக வேண்டாம்.

ஆறையும் இன்றே செய்து முடிக்க முடியாது. இன்று மூன்றாவதையும் நான்காவதையுமாவது எடுத்துப் பேசுங்கள். அவை இரண்டுக்கும் பணம் வேண்டாம், மனசு இருந்தால் போதும். பேசி முடித்ததும் தீர்மான நோட்டில் எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். அடுத்த பொதுக்குழுவில் முதல் வேலையாக அந்தப் பக்கத்தைத்தான் திறப்போம்.

சாப்பாடு தயார் என்று சொல்கிறார்கள்.